ஏர் பிஸ்டலுக்கு எந்த சைட் வாங்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒன்றரை வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுக்கிறாள். கிளப்பில் இருந்த சீனியர் அக்கா ஒருவரின் பிஸ்டலை செகண்ட் ஹேண்டாக வாங்கிக் கொடுத்தோம். அந்த அக்கா 9, 10 புள்ளி என்று சுட்ட அதே பிஸ்டலில் இவளுக்கு 7, 8தான் விழுகிறது. கடைக்காரர் குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் போடச் சொல்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர், "பின் சைட்டின் வெட்டைக் கொஞ்சம் அராவிக் கொடுக்கிறேன், நல்லாத் தெரியும்" என்கிறார். எதைச் செய்வது?
— ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

பதில்: இரண்டும் வேண்டாம். சர்வதேசப் போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு பிளேடு என்று இருக்கும் திறந்த சைட் மட்டும்தான் அனுமதி. ரெட் டாட், லேசர், டெலஸ்கோப் எதுவும் கூடாது. மகள் போட்டிக்குப் போகப் போகிறாள் என்றால், அந்தப் பணம் போட்டியில் ஏற்ற முடியாத பொருளுக்குப் போய்விடும்.

அராவுவதில் இருக்கும் ஆபத்துக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணிலிருந்து பின் சைட் வரை சீனியருக்கு 65 செ.மீ., உங்கள் மகளுக்கு 55 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் வெட்டு 4 மி.மீ., முன் பிளேடு 4.5 மி.மீ., இரண்டுக்கும் இடைவெளி 34 செ.மீ. சீனியர் பார்க்கும்போது பிளேடின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடு, முன் சைட் இருக்கும் இடத்தில் அளந்தால், சுமார் 0.8 மி.மீ. கை குட்டையான உங்கள் மகளுக்கு அதே பிஸ்டலில் 1 மி.மீ. அக்கா பார்த்த அளவுக்கு இவளுக்கும் தெரிய வேண்டுமென்றால் வெட்டைக் கால் மில்லிமீட்டர் குறுக்க வேண்டும். மைத்துனர் அராவினால் அது இன்னும் அகலமாகும். கொலுசில் அவர் கை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், அராவிய உலோகம் திரும்ப வராது.

கால் மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். பிளேடு வெட்டின் நடுவிலிருந்து 0.1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 3 மி.மீ. தள்ளிப் போகும். 1 மி.மீ. விலகினால் 29 மி.மீ. டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ.தான் இடைவெளி. அதே சமயம், சைட் இரண்டும் நேராக இருந்து கை மட்டும் மொத்தமாக 3 மி.மீ. ஆடினால் குண்டும் 3 மி.மீ. மட்டுமே விலகும். அதனால்தான் கோச்சுகள் "டார்கெட் மங்கலாகத் தெரியட்டும், முன் சைட்டைப் பார்" என்று தொண்டை வற்றச் சொல்கிறார்கள்.

சைட்டைத் தொடும் முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். ரேஞ்சில், கோச் முன்னால், பெல்லட் குண்டு போடாத பிஸ்டலை டார்கெட் பக்கம் நீட்டி, மகள் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கட்டும். இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கட்டும். பிளேடு வெட்டின் நடுவில் நின்றால் சரி. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் கோளாறு சைட்டில் இல்லை, மரப் பிடியில். சீனியர் கைக்குச் செதுக்கிய பிடி சின்னக் கைக்குள் நிலைக்காது. பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் அவள் கை அளவுக்குப் பிடி வாங்குங்கள்.

பிடி சரியாக இருந்தால் அப்புறம் சைட். போட்டிக்கான பிஸ்டல்கள் பலவற்றில் வெட்டின் அகலத்தைத் திருகாலேயே கூட்டிக் குறைக்கலாம், செலவே இல்லை. இப்போதுள்ள அளவில் ஐந்து ஐந்தாக நான்கு தடவை சுடட்டும். கொஞ்சம் குறுக்கி அதேபோல் நான்கு. ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில். 10 விழுந்ததா என்று பார்க்காதீர்கள், ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அகலமான வெளிச்சம்தான் பிடிக்கும்; உங்கள் மகளும் அப்படி இருக்கலாம். அதைத் திருகில்தான் கண்டுபிடிக்க வேண்டும், அரத்தில் இல்லை.

பிளேடு வாங்குவதென்றால் 4, 4.5, 5 மி.மீ. அளவுகள் புழக்கத்தில் உண்டு. அதே கம்பெனி, அதே மாடலுக்கானதையே கேளுங்கள். பச்சையாக மினுங்கும் ஃபைபர் புள்ளி வைத்த பிளேடை நான் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கினேன். கண் புள்ளிக்கே போனது. பிளேடின் மேல் விளிம்பு தெரியவில்லை. குண்டுகள் மேலும் கீழுமாக விழுந்தன. காகித டார்கெட்டுக்கு மங்கிய கருப்பு விளிம்பைப் போல வேறில்லை.

பழைய பிஸ்டலில் பிளேடின் ஓரம் தேய்ந்து வெள்ளையாக மினுங்கும். உலோக பிளேடைத் தனியாகக் கழற்றி, கற்பூரப் புகையில் காட்டினால் வீட்டில் கண்மை எடுப்பதுபோலக் கரி படியும். பிஸ்டலின் பக்கத்தில் மட்டும் நெருப்பு கூடவே கூடாது. அதன் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. சிலிண்டரில் பொறித்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு.

கேள்வி: எனக்கு 53 வயது. ஏற்காட்டிலிருந்து வாரம் ஒருமுறை இறங்கி வந்து சுடுகிறேன். படிக்கும் கண்ணாடி போட்டால் முன் சைட்டும் மங்குகிறது, டார்கெட் காணவே காணோம். கண்ணாடி இல்லாமல் டார்கெட் தெரிகிறது, சைட் தெரியவில்லை. சைட்டை மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டியது லென்ஸ். பிஸ்டலில் லென்ஸ் பொருத்த விதி இடம் தராது, ஆனால் கண்ணில் அணியலாம். படிக்கும் கண்ணாடி 40 செ.மீ.க்கானது, உங்கள் முன் சைட் ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கிறது. சுடும் நிலையில் நின்று, கண்ணிலிருந்து முன் சைட் வரை வேறொருவரை நூல் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அந்த நூலோடு கண் பரிசோதகரிடம் போங்கள், பிஸ்டல் வேண்டாம். தூரப் பார்வைப் பவரோடு 0.5 அல்லது 0.75 கூட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரே லென்ஸில் பல பவர் வைத்த பைஃபோகல், புரோகிரெசிவ் இரண்டும் வேண்டாம். தலை சாயும்போதெல்லாம் பவர் மாறும். இன்னொன்று, மலை மேல் பனிமூட்டத்தில் பிஸ்டல் வைக்கும் நுரைப்பெட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து உலரவிட்டு, சைட்டின் திருகுகளைத் துடைத்து வையுங்கள். அப்புறம் பெட்டியைப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பின்பக்க சைட்டின் திருகைப் பத்து கிளிக் வலது, பத்து கிளிக் இடது திருப்பினால் பழைய இடத்துக்கு வருவதில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் இருக்கிறது என்கிறார் விற்றவர்.
— ஓமலூர் வாசகி

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். திருகைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும் சுட்ட இரண்டு டார்கெட் காகிதங்களையும் தேதி எழுதிப் படமெடுத்து, எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இடையில் அந்த சைட்டைக் கழற்றி நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள்.