கும்பிடுங்கோ, ஆனா அண்டைக்கே எழுதி வையுங்கோ

"கும்பிட்டுக்கொண்டு பொறுத்துப் போகவா?" எண்டு கேட்டிருக்கிறியள் தங்கச்சி. கொக்குவிலிலை இருந்து ரொறன்ரோவிலை ஸ்காபரோவுக்கு வந்து மூண்டு மாதம். மனுசன் ஜமேக்கா வழிக் கனடாக்காரன். ஆறு வயது மகனைப் பள்ளிக்கூடத்திலை நிறத்தைச் சொல்லி அழவைக்கினம், கோயிலிலை எங்கடை சனம் ஒருமாதிரிப் பாக்குது. வாடகை, விண்டர் ஜக்கெட், கிரெடிட் கார்ட் எல்லாம் உங்கடை மனுசனுக்குத் தெரியும், அதை விடுங்கோ.

கும்பிடுங்கோ. பொறுக்க மட்டும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்திலை வாயாலை முறையிட்டுப்போட்டு வராதேங்கோ. பேந்து "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் தெரியாதே" எண்டுவினம். அண்டைக்கு இரவே ரீச்சருக்கு ஈமெயில், பிரின்சிபலுக்குக் கொப்பி. திகதி, நேரம், பஸ்ஸிலையோ விளையாட்டு முத்தத்திலையோ, ஆர் சொன்னது, பக்கத்திலை ஆர் நிண்டது. மகன் கேட்ட சொல்லை அப்பிடியே எழுதோணும். "கெட்ட வார்த்தை" எண்டு மறைச்சா சாதாரணப் பிள்ளையள் சண்டையாக்கிப் போடுவினம். கடைசி வரியிலை, என்ன செய்தனீங்கள் எண்டு எழுத்திலை பதில் கேளுங்கோ. பள்ளிக்கூடம் அசையாட்டி, பள்ளிக்கூடங்களை நடத்துற போர்டிலை இருக்கிற மேலதிகாரி சுப்பிரின்டென்டன்டுக்கு எழுதுங்கோ. அதுக்கும் மசியாட்டி ஒன்ராறியோ மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம். விண்ணப்பத்துக்குக் காசில்லை, ஆனா கடைசிச் சம்பவம் நடந்து ஒரு வருசத்துக்குள்ளை போடோணும். "ஏன் வீண் பிரச்சினை" எண்டு இருந்து அந்த ஒரு வருசத்தைத்தான் எங்கடை ஆக்கள் கோட்டை விடுறது.

மகனோடை தனியப் பிளேன் ஏறினா "உங்கடை பிள்ளையோ?" எண்டு கேப்பினம். பிறப்புப் பத்திரம், அதின்ரை இங்கிலீசு மொழிபெயர்ப்பு, மனுசன் கையெழுத்து வைச்ச சம்மதக் கடிதம் மூண்டும் கைப்பையிலை இருக்கோணும். கடிதத்திலை பயணத் திகதி, தங்குற விலாசம், அவற்றை ஃபோன் நம்பர். நோட்டரியிட்டை உறுதிப்படுத்தினா இன்னும் நல்லம்.

தலைமுடியும் சொல்லோணும். சுருள் முடியைக் காய்ஞ்சபடி சீப்பாலை இழுத்தா முறியும். ஈரத்தோடை கண்டிசனர் பூசி, அகலப் பல்லுச் சீப்பாலை நுனியிலை தொடங்கி மேலை போங்கோ. எண்ணெய் வைச்சுப் படிய வாருற எங்கடை பழக்கம் அதிட்டைச் சரிவராது. கோயிலிலை "உதென்ன தலை" எண்டு கேக்கிறவைக்காகப் படிய வார வேண்டாம்.

வெள்ளையின்ரை துவேசத்துக்கு முறைப்பாட்டுப் ஃபோம் இருக்கு. எங்கடை ஆக்களின்ரைக்கு இல்லை, அதுதான் பெரிய கரைச்சல். கறுப்பரைக் "கறுவல்", "காப்பிலி" எண்டு சாதாரணமாச் சொல்லுவினம். எண்பதுகளிலை வந்த எங்கடை பெடியளை ரொறன்ரோத் தெருவிலை "பாக்கி" எண்டு, பாகிஸ்தான்காரர் எண்ட சொல்லைச் சுருக்கித் தெற்காசியரை இழிவாச் சொல்லுற சொல்லாலை, கத்தினவங்கள். அதைக் கேட்டு வளந்த வாய்தான் இதையும் சொல்லுது. "அம்மான்ரை நிறம் வந்திருக்கலாம்" எண்டு கன்னத்தைக் கிள்ளுற அன்ரிக்கு, பிள்ளைக்கு முன்னாலையே, சத்தம் போடாமல் "அவன் அப்பாவைப்போல வடிவு அன்ரி" எண்டு சொல்லுங்கோ. பிறகு வீட்டிலை சொல்லி அழுதா பிள்ளை அதைத் தன்ரை குறையா எடுத்துக்கொள்ளும்.

வெள்ளி கோயில், ஞாயிறு சேர்ச், ரெண்டுக்கும் குடும்பமாப் போங்கோ. ஒருக்காப் போனா புதினம் பாப்பினம். மனுசன் பத்துத்தரம் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக் குடுத்தா, வராத அண்டைக்கு எங்கை ஆளெண்டு தேடுவினம்.

பத்து டொலர்த் தாளை மகனுக்குக் காட்டுங்கோ. அதிலை இருக்கிற வயோலா டெஸ்மண்டுக்கு அப்பா கறுப்பர், அம்மா வெள்ளை. 1946இலை நோவா ஸ்கோசியாத் தியேட்டர் ஒண்டிலை வெள்ளையருக்கெண்டு வைச்சிருந்த பக்கத்திலை இருந்து எழும்பமாட்டன் எண்டவ. இழுத்துக்கொண்டு போய் ஒரு இரவு மறியல், அந்தப் பக்கத்து ரிக்கெற்றுக்குக் கூடின ஒரு சத வரியைக் கட்டேல்லை எண்டு தண்டம். பப்டிஸ்ட் போதகர் ஒருவரும் மனுசியும் துணை நிக்க, மேன்முறையீட்டுக்குப் போனவ, தோத்தவ. மன்னிப்பு வந்தது 2010இலை, அவ செத்து 45 வருசத்துக்குப் பிறகு. 2018இலை வந்த அந்த ஊதாத் தாளை நிமித்திப் பிடியுங்கோ, மற்றத் தாள் மாதிரிக் கிடையாப் பிடிச்சா அவ சரிஞ்சு கிடப்பா.