எங்க ஊருக்கு போஸ்ட் ஆபீஸ் எப்ப வரும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க பஞ்சாயத்துல மூவாயிரம் பேருக்கு மேல இருக்கோம். பக்கத்து ஊர் போஸ்ட் ஆபீஸ் நாலு கிலோமீட்டர். கிராம சபைல தீர்மானம் போட்டு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தோம், பதிலே இல்ல. எதை வச்சுதான் புது போஸ்ட் ஆபீஸ் திறக்குறாங்க?
- ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: மனு போன இடமே சரியில்லைங்க. தபால் துறை மத்திய அரசோடது, கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தா அவங்க ஒரு கவரிங் லெட்டர் வச்சு அந்தப் பக்கம் தள்ளி விடுவாங்க, அதோட அவங்க வேலை முடிஞ்சுது. நீங்க உங்க அஞ்சல் கோட்ட சூப்பிரண்டுக்கு நேரா எழுதுங்க. அவரு இன்ஸ்பெக்டர அனுப்பி ஊர பாத்துட்டு வரச் சொல்லி ரிப்போர்ட் வாங்கணும், அந்த ரிப்போர்ட்தான் மேல போகும்.

இன்ஸ்பெக்டர் என்ன பாப்பாருன்னா மூணு விஷயம். ஒண்ணு ஜனத்தொகை, சாதாரண கிராமப் பகுதின்னா புது ஆபீஸ் சேவை குடுக்கப்போற ஊருங்க எல்லாம் சேர்த்து 3,000 பேர் இருக்கணும். உங்க ஊர் ஒண்ணுலயே அவ்வளவு இருக்கணும்னு இல்ல, சுத்தி இருக்குற குக்கிராமம், காலனி எல்லாத்தையும் சேர்த்துக் காட்டலாம். ரெண்டாவது தூரம், இருக்குற ஆபீஸ்ல இருந்து குறைஞ்சது 3 கி.மீ. தள்ளி இருக்கணும். இதுல ரெண்டுலயும் நீங்க பாஸ்.

மூணாவதுலதான் முக்காவாசி மனு சிக்கிக்கிட்டு நிக்குது, அதுதான் வருமானம். புது கிளை அஞ்சலகத்துக்கு (கிராமத்துக்கு வர்ற சின்ன போஸ்ட் ஆபீஸுக்கு அதான் பேரு) ஆகுற செலவுல மூணுல ஒரு பங்காவது அது சம்பாதிக்கும்னு எதிர்பார்ப்பு இருக்கணும். அதாவது மிச்ச ரெண்டு பங்கு நஷ்டத்த அரசு தாங்கிக்கத் தயார், அந்த ஒரு பங்குக்கு மட்டும் நீங்க வழி காட்டணும்ங்கறான். என்னைக் கேட்டா இது நியாயமான கண்டிஷன்தான், ஆனா இத ஊர்க்காரங்க கிட்ட யாரும் சொல்றதே இல்ல, தீர்மானத்துல "மக்கள் பெரிதும் சிரமப்படுகிறார்கள்"னு நாலு வரி எழுதி கையெழுத்து வாங்கி அனுப்பிடுறாங்க. அதுக்குப் பதிலா எத்தன வீட்டுல ஆர்.டி. போடத் தயாரா இருக்காங்க, பத்து வயசுக்குள்ள எத்தன பொண்ணுங்க இருக்கு (செல்வமகள் கணக்குக்கு அதான் வயசு), கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு எடுக்க எத்தன பேரு இருக்காங்கன்னு பேர் பேரா ஒரு லிஸ்ட் போட்டு தீர்மானத்தோட வச்சுப் பாருங்க. ஆனா ஒண்ணு, ஏற்கனவே அந்த நாலு கிலோமீட்டர் ஆபீஸ்ல கணக்கு வச்சிருக்கவங்கள மட்டும் காட்டாதீங்க, அவங்க இங்க வந்துட்டா அந்த ஆபீஸ் படுத்துரும், இன்ஸ்பெக்டர் அதையும் பாக்காம இருக்க மாட்டாரு.

எல்லாம் சரியா இருந்தும் இழுக்கும், அது ஏன்னா ஆபீஸ் திறக்கணும்னா ஆளு வேணும், ஆளுக்குப் பதவி வேணும். புதுப் பதவி உருவாக்குறது டெல்லி வரைக்கும் போற சமாச்சாரம், அதனால பெரும்பாலும் வேற எங்கயாச்சும் வேலை கம்மியா இருக்குற பதவிய அங்கருந்து எடுத்து இங்க போட்டுத்தான் திறக்குறாங்க. நீங்க பாஸ் பண்ணினாலும் எங்கயோ ஒரு இடம் காலியானாதான் உங்களுக்கு சீட்டு. இதுல எம்.பி. உதவுவாரு, எம்.எல்.ஏ.வால பெருசா ஒண்ணும் ஆகாது.

கேள்வி: 10,000 புது போஸ்ட் ஆபீஸ் திறக்கப் போறாங்கன்னு கொஞ்ச வருஷம் முன்னாடி நியூஸ் வந்துச்சே, அதெல்லாம் எங்க போச்சு? எங்க பக்கம் ஒண்ணுகூட காணோம்.
- கல்லூரி மாணவி, சிவகங்கை மாவட்டம்

பதில்: 2022ல வந்த செய்தி அது. யாரா இருந்தாலும் 5 கி.மீ.க்குள்ள ஒரு தபால் ஆபீஸ் இருக்கணும், அதுக்காகத்தான் இன்னும் 10,000ன்னு துறை செயலாளர் பேசினாரு. இந்த மாதிரி திட்டத்துல முதல் கவனம் போனது நக்சல் பாதிப்பு மாவட்டங்களுக்கு, பேங்கே இல்லாத ஊருக்கு போஸ்ட் ஆபீஸ் மூலமா பேங்க் வசதி குடுக்கறதுதான் நோக்கம். அங்க ஐயாயிரத்துக்கும் மேல திறந்துருக்காங்க. 2018ல அந்த லிஸ்ட்ல 11 மாநிலம், 90 மாவட்டம் இருந்துச்சு, கேரளா கூட இருந்துச்சு, தமிழ்நாடு இல்ல. நக்சல் பிரச்சனை லிஸ்ட்ல நாம இல்லன்னு சந்தோஷப்பட்டுக்க வேண்டியதுதான்!

இன்னொன்னும் சொல்லணும். சுதந்திரம் வந்தப்ப நாடு முழுக்க 23,344 தபால் ஆபீஸ்தான், இப்ப 1,64,000க்கு மேல, அதுல பத்துல ஒம்போது கிராமத்துல. தமிழ்நாட்டுல ஏற்கனவே நெருக்கமா இருக்கு, அதனால நமக்கு அந்த 3 கி.மீ. ரூல்தான் அடிக்கடி குறுக்க வரும்.

கேள்வி: நாங்க கல்வராயன் மலை. எங்க ஊர்ல அறுநூறு பேர்தான். எங்களுக்கெல்லாம் வாய்ப்பே இல்லையா?
- ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: உங்களுக்குத்தாங்க வாய்ப்பு ஜாஸ்தி. மலை, பழங்குடி, பின்தங்கிய பகுதிக்கு ரூல் வேற. தனி ஊருன்னா 500 பேர், ஊர்க் கூட்டமா காட்டினா 1,000 பேர் போதும், வருமானமும் செலவுல 15 சதவீதம் வந்தாப் போதும். தூரம் இங்கயும் 3 கி.மீ.தான், ஆனா மலையில 2 கி.மீ. நடக்கறதே என்ன பாடுன்னு தெரியும்ல, அப்படி விசேஷ காரணம் இருந்தா டெல்லி தலைமையகம் தளர்த்தலாம். மனுவுல "மலைப்பகுதி விதிப்படி"ன்னு தெளிவா எழுதுங்க, இல்லன்னா சமவெளிக் கணக்குல போட்டுப் பாத்து திருப்பி அனுப்புற ஆபத்து இருக்கு.

கேள்வி: ஆபீஸ் வந்தா கட்டடம் யாரு தருவா? எங்க ஊர் பையனுக்கே வேலை கிடைக்குமா?
- பஞ்சாயத்து வார்டு உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கிளை அஞ்சலகத்துக்குன்னு அரசு கட்டடம் கட்டாது. வேலைக்கு வர்ற கிளை போஸ்ட்மாஸ்டர், அதாவது பி.பி.எம்., அந்த ஊர்லயே ஆபீஸுக்கு ரூம் பாத்து, அந்த ஊர்லயே தங்கவும் செய்யணும். சம்பளம் 12,000ல ஆரம்பம், பஞ்சப்படி தனி, தினம் நாலு மணி நேர வேலை. ஆள் எடுக்கறது பரீட்சை வச்சு இல்ல, பத்தாவது மார்க்க வச்சு ஆன்லைன்ல. பத்தாவதுல தமிழ் படிச்சிருக்கணும், அவ்வளவுதான், உள்ளூர்க்காரனா இருக்கணும்னு இல்ல. அதனால 490 எடுத்த பிள்ளை எங்கயோ தூரத்துல இருந்து வந்து ரூம் தேடுது, வாடகை போக மிச்சம் என்னன்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டு கொஞ்ச நாள்ல கிளம்பிருது, ஆபீஸ் திரும்பவும் பூட்டு. இந்த முறைய மாத்தினாதான் புது ஆபீஸ் எத்தன திறந்தாலும் நிக்கும்ங்கறது என் அபிப்ராயம். பஞ்சாயத்துல ஒரு ரூம் சும்மா கிடந்தா குறைஞ்ச வாடகைக்கு குடுக்கறோம்னு தீர்மானத்துலயே சேர்த்துடுங்க, வர்ற ஆளு தங்கும்.

கேள்வி: புது ஆபீஸ் வந்தா புது பின்கோடு கிடைக்குமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பொதுவா கிடைக்காது. மேல இருக்குற துணை அஞ்சலகத்தோட பின்கோடுதான் ஓடும்.

கேள்வி: லெட்டரே யாரும் போடறதில்ல, இதுக்குப் போயி புது போஸ்ட் ஆபீஸ் எதுக்கு சார்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: கோவைல இருந்து கேட்டா அப்படித்தான் தோணும். 2018 செப்டம்பர் 1ல இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வந்ததுக்கு அப்புறம், எந்த பேங்க்ல கணக்கு இருந்தாலும் ஆதார் இணைச்சிருந்தா தபால்காரர் கைல இருக்குற மெஷின்ல விரல் வச்சு வீட்டு வாசல்லயே பணம் எடுக்கலாம். முதியோர் உதவித்தொகை வாங்குற பாட்டிக்கு ஏடிஎம் தேடி பஸ் ஏறுற செலவு மிச்சம். சில நேரம் ரேகை விழாது, சில நேரம் சிக்னல் இருக்காது, அது வேற வயித்தெரிச்சல். ஆபீஸ் வர்ற வரைக்கும் விழுப்புரம் வாசகரும் இதக் கேட்டு வாங்கலாம், பக்கத்து ஊர் ஆபீஸ்ல சொல்லி வச்சா வாரத்துல ஒரு நாள் ஊருக்குள்ள வந்து உக்காந்து குடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க, அப்படி நடக்குற வரவு செலவு புது ஆபீஸுக்கான மனுவுல காட்டவும் உதவும்.