முதல் வீடு வாங்கும் வழக்கமான வயது என்றால் என்ன?

பொதுவாக இப்படிச் சொல்லப்படும் எண் சராசரி அல்ல, நடு வயது. ஒரு வருடத்தில் முதன்முறையாக வீடு வாங்கியவர்களை வயதுப்படி வரிசையாக நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்பவரின் வயது அது. 26, 29, 34, 41, 60 வயதில் ஐந்து பேர் வாங்கினால் நடு வயது 34. சராசரி போட்டால் 38 வந்துவிடும். அறுபது வயதுக்காரர் ஒருவரே கணக்கை மேலே இழுத்துவிடுகிறார்.

சரி, இந்த வயது ஏன் தள்ளிப்போகிறது? என்னைக் கேட்டால் முதல் காரணம் முன்பணம்தான். வங்கிகள் பெரும்பாலும் முழு விலைக்கும் கடன் தருவதில்லை, ஒரு பங்கை நாம்தான் கையிலிருந்து போட வேண்டும். அதைச் சேர்த்து முடிப்பதற்குள் வீட்டு விலையும் ஏறிவிடுகிறது. தண்ணீர் பிடிக்கப் பிடிக்கக் குடமே பெரிதாகிக்கொண்டு போவது மாதிரி. மாதாமாதம் கட்டும் வாடகை அந்தக் குடத்தில் இருக்கும் ஓட்டை. அப்புறம் படிப்புக் கடன் வேறு.

அமெரிக்க ரியல் எஸ்டேட் முகவர்கள் சங்கத்தின் கணக்கெடுப்பில் 1980-களின் தொடக்கத்தில் 30-க்குள் இருந்த இந்த வயது, 2024-இல் 38 ஆகிவிட்டது.

38 வயதுக்குள் பாதிப் பேருக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று இதைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அது சரியல்ல: அந்த வரிசையில் நிற்பவர்கள் அந்த வருடம் வாங்கியவர்கள் மட்டுமே, வாங்காதவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.