படத்தில் பெருத்த நரி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்காட்லாந்தில் வேலை செய்யும் என் மைத்துனர் ஒரு நரிப் படம் அனுப்பினார். ஓர் ஆள் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி நிற்கிறார். நரி அவர் நெஞ்சிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தொங்குகிறது. 17 கிலோவாம். ஒட்டுக்கடையில் பாதிப் பேர் நம்பவில்லை. நரி அவ்வளவு வளருமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வளரும், ஆனால் மிக மிக அரிது. பிரிட்டனில் வளர்ந்த ஆண் செந்நரி சாதாரணமாக 6 முதல் 7 கிலோ; பெண் நரி ஒரு கிலோ குறைவு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 110 செ.மீ. இருக்கும், அதில் 40 செ.மீ. வால். வடக்கே ஸ்காட்லாந்தில் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

செய்தியில் அடிபட்ட பெரிய நரிகள் இரண்டை வைத்துக் கணக்குப் போடலாம். 2010 இறுதியில் கென்ட் வட்டாரத்து மெய்ட்ஸ்டோனில் பிடிபட்டது 26.5 பவுண்டு, அதாவது 12 கிலோ. நீளம் 4 அடி. 2012இல் அபர்டீன்ஷயரில் சுடப்பட்டது 38 பவுண்டு 1 அவுன்ஸ், 17 கிலோவுக்குச் சற்று மேல். நீளம் 4 அடி 9 அங்குலம். ஒரே உடல்வாகுள்ள விலங்கு எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு பெருத்தால், எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகுவதுதான் காரணம். 4 அடி 9 அங்குலம் என்பது 145 செ.மீ. சாதாரண 110 செ.மீ. நரியோடு ஒப்பிட்டால் அந்த நீளத்துக்கு 15 கிலோ வர வேண்டும். கொழுத்த நரி என்றால் 17 நம்பக்கூடியதே. மெய்ட்ஸ்டோன் நரியின் 4 அடிக்கு 9 கிலோதான் கணக்கு. மிச்சம் 3 கிலோவுக்குக் கொழுப்போ நிறைந்த வயிறோ தராசோதான் பதில் சொல்ல வேண்டும். நீளமும் எடையும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஆள் கேமராவிலிருந்து 1.5 மீட்டரில் நின்று, கையை 60 செ.மீ. முன்னால் நீட்டினால், நரி 90 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும். அப்போது ஆளோடு ஒப்பிட நரி ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். அதே ஆள் 4 மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிடித்திருக்கும் கை முகத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அந்தப் படம் கணக்கில் சேராது. குளிர்காலத்து ரோமமும் ஏமாற்றும். அதே நரி ரோமம் உதிர்ந்த கோடையில் மெலிந்த நாய்க்குட்டி போல் நிற்கும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பண்ணையில் இருக்கும் என் மகனும் நண்பர்களும் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் நரிகளை உரிமத்தோடு சுடுகிறார்கள். யார் சுட்டது பெரிது என்று ஒவ்வொரு முறையும் சண்டை. சரியாக அளப்பது எப்படி?
– வாசகர், பீடோர்

பதில்: சண்டைக்குக் காரணம் நரி அல்ல, ஆளுக்கொரு விதமாக அளப்பதுதான்.

முதலில் எடை. தொங்கு தராசை வெறுமையாகத் தொங்கவிட்டு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். பிறகு 10 கிலோ அரிசி மூட்டையைப் பிரிக்காமல் மாட்டுங்கள். அரைக் கிலோ தப்பினால் அந்தத் தராசை ஒதுக்கிவிடலாம். 100 கிலோ வரை காட்டும் தராசில் 7 கிலோ நரியை நிறுக்கக் கூடாது. அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே அரைக் கிலோ இருக்கும். நரிக்கு 20 அல்லது 25 கிலோ தராசே சரி. மாட்டிய கயிறு, சாக்கு ஆகியவற்றின் எடையைத் தனியே நிறுத்துக் கழியுங்கள். நனைந்த ரோமத்தோடு நிறுக்காதீர்கள். குடல் எடுக்கும் முன்பா பின்பா என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான் வயிறார மேய்ந்த நரியின் இரைப்பையில் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் தீனி கிடக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. முள் தராசில் வெளி வட்டம் ஒன்று, உள் வட்டம் ஒன்று. ஒன்று கிலோ, மற்றது பவுண்டு. பவுண்டைக் கிலோவாகப் படித்தால் 7 கிலோ நரி 15 ஆகிவிடும். தொலைபேசியில் வலம் வரும் அதிசய நரிகளில் பலவும் இந்த வட்டத்தில் பிறந்தவை என்பது எங்கள் சந்தேகம். தராசின் முகத்தையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

நீளத்துக்கு, தொங்கவிட்டு அளக்கவே கூடாது. தொங்கும்போது முதுகெலும்பு இழுபட்டுச் சில சென்டிமீட்டர் கூடிவிடும். சமமான பலகையில் மல்லாத்திப் படுக்க வைத்து, கழுத்தை இழுக்காமல் நேராக்கி, மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் பலகையில் கோடு போட்டு, நரியை எடுத்துவிட்டுக் கோடுகளுக்கிடையே அளக்க வேண்டும். முதுகின் வளைவின்மேல் டேப் ஓட்டுவது அளவைக் கூட்டும். வால் நுனி என்பது கடைசி எலும்பு. அதற்கு அப்பாலுள்ள வெள்ளை ரோமத்தைச் சேர்க்காதீர்கள். உடல், வால் இரண்டையும் தனித்தனியே எழுதுவது நல்லது, ஏனென்றால் வால் அறுந்த நரிகளும் உண்டு. பின்னங்காலை, குதிங்காலிலிருந்து நீண்ட விரலின் நுனி வரை, நகம் சேர்க்காமல் அளந்து வையுங்கள். கொழுத்தாலும் மெலிந்தாலும் மாறாத அளவு அது. உடல் விறைத்துப்போனால் நேராக்க முடியாது. சுட்டவுடன் அளந்துவிடுவதே மேல்.

எடை நரி பெரிதா, நீள நரி பெரிதா என்று சுடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் இணை தேடி அலைந்து இளைக்கும் பிரிட்டன் நரியின் கதை ஆஸ்திரேலியாவில் ஆறு மாதம் தள்ளி நடக்கும். எனவே மாதத்தையும் குறிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் நரி இல்லை, காட்டுப்பன்றிதான். செம்பனைத் தோட்டத்துக்குள் சுட்டு விழுந்ததை நிறுக்கத் தராசு இல்லை. குத்துமதிப்பு சொல்ல வழி?
– வாசகர், கூலிம்

பதில்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதுகளின் அடியிலிருந்து வாலின் அடி வரை நீளம். இரண்டையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3 = கிலோ. சுற்றளவு 95 செ.மீ., நீளம் 105 செ.மீ. என்றால் 0.95 × 0.95 × 1.05 × 69.3, சுமார் 66 கிலோ. இது வளர்ப்புப் பன்றிக்கு வகுத்த கணக்கு. காட்டுப்பன்றிக்கு முன்பக்கம் கனம், பின்பக்கம் ஒடுக்கம். ஆகவே பெரிய ஆண் பன்றியில் கணக்கு கூடுதலாகச் சொல்லும். பந்தயத்துக்கு உதவாது. டுரியான் வியாபாரியிடம் முத்திரை குத்திய மேடைத் தராசு இருக்கும், அதைக் கேளுங்கள். வேட்டைக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமமும், துப்பாக்கிக்குக் காவல் துறை உரிமமும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

கேள்வி: தீம்பாரில் இரவு நேரத்தில் நரி பார்த்ததாகப் பால்மரம் வெட்டுபவர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், பஹாவ்

பதில்: மலேசியக் காடுகளில் நரி இல்லை. பெரும்பாலும் அது மூசாங், அதாவது மரநாய். குட்டைக் கால், உடலளவு நீளமான வால், மரம் ஏறும். எச்சத்தில் பழக்கொட்டை கிடக்கும். பாண்டான் மூசாங் பொதுவாக 2 முதல் 5 கிலோ. மரம் ஏறாமல், கருத்த அடர்ந்த வாலோடு, கூட்டமாகப் பகலில் ஓடினால் செந்நாயாக இருக்கலாம். அது முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு, துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். பார்த்த விலங்கைப் படம் எடுத்திருந்தால், படத்தில் ஆளே இல்லாமல் அளவு தெரிய ஒரு வழி உண்டு. அது நின்ற இடத்தில், 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட குச்சியை மறுநாள் நட்டு, முதல் படம் எடுத்த அதே இடத்திலிருந்து, அதே உயரத்தில் இன்னொரு படம் எடுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் கோடுகளை எண்ணினால் தோளுயரம் தெரிந்துவிடும்.

கேள்வி: மண்டையோட்டை வைத்தும் ஒப்பிடுவார்களாமே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐரோப்பாவில் அதுதான் வழக்கம். சுத்தம் செய்து உலர்த்திய ஓட்டின் நீளத்தையும், கன்ன எலும்புகளின் அகலத்தையும் கூட்டுவார்கள். சாதாரண நரி ஓட்டின் நீளம் 14 முதல் 15 செ.மீ. கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வேக வையுங்கள். தளதளவென்று கொதித்தால் பற்கள் கழன்று எலும்புப் பொருத்து விரியும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். கழிவறை வெளுப்பானில் போட்டால் எலும்பு மாவாக உதிரத் தொடங்கும்.