மறு: எஃப்எஸ்சிகே ஓட்டியும் ரூட்டில் அதே பிழை

மின்சாரம் போய் வந்ததிலிருந்து பழைய யூனிக்ஸ் மெஷின் சிங்கிள் யூசரிலேயே (ஒருவர் மட்டும் உட்கார்ந்து பழுதுபார்க்கும் நிலை) நிற்கிறது, எஃப்எஸ்சிகே (fsck, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்டினாலும் அடுத்த பூட்டில் அதே பிழை என்கிறீர்கள். டிஸ்க்கைச் சந்தேகப்படும் முன் இதைப் பாருங்கள். ரூட்டை, அதாவது முதன்மை ஃபைல் சிஸ்டத்தை, எஃப்எஸ்சிகே திருத்தியதும் கடைசி வரியில் ‘பூட் யூனிக்ஸ் (நோ சிங்க்!)’ என்று வந்திருக்குமே? அது சொல்வதை அப்படியே கேளுங்கள். கர்னலின் (யூனிக்ஸின் மைய நிரல்) நினைவகத்தில் பழைய சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரக் குறிப்பு) இன்னும் கிடக்கிறது. பழக்கதோஷத்தில் சிங்க் (நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும் கட்டளை) அடித்தால் திருத்தியதன் மேலேயே பழசை எழுதிவிடும். நானும் ஒரு ராத்திரி முழுக்க இப்படிச் சுற்றியிருக்கிறேன்.

எதையும் தட்டாமல் நேராக ரீசெட். (இந்த முரட்டு வைத்தியம் இங்கே மட்டும்தான், மற்ற நேரத்தில் ஷட்டவுன்தான்.) மறுபடி எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். சுத்தமாக இருந்தால், பிஎஸ்டி வகை யூனிக்ஸுக்கு கன்ட்ரோல்-டி. சிஸ்டம் ஃபைவ் வகை என்றால் ‘இனிட் 2’. டெர்மினல்களில் லாகின் வந்துவிடும்.