செவ்வாயில் பறந்த கமரா: உங்கள் கேள்விகளும் பதில்களும்

செவ்வாய்க் கோளில் பறந்த நாசாவின் இன்ஜெனுவிட்டி என்ற சின்ன ஹெலிகொப்டரையும் அதன் கமராக்களையும் பற்றி, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ட்ரோன் விடுகிறவர்களும் ஏ.எல். பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி: நானா, என்ட சின்ன ட்ரோனைக் கொண்டுபோய் செவ்வாயில விட்டா பறக்குமா?

கிளம்பவே கிளம்பாது. அங்கே காற்றின் அடர்த்தி இங்குள்ளதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஈர்ப்பு 38 வீதம்தான் என்பதால் ட்ரோனின் நிறை குறையும், ஆனால் அந்தச் சலுகை போதாது. தூக்குவிசை காற்றின் அடர்த்தியோடும் சுழல்வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். 0.38 ஐ 0.01 ஆல் வகுத்தால் 38. அதன் வர்க்கமூலம் ஆறுக்குச் சற்று மேல். அதே இறக்கையை ஆறு மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று அர்த்தம். அப்போது இறக்கை நுனி ஒலிவேகத்தோடு மோதும். அங்கே ஒலியும் மெதுவானது, செக்கனுக்கு 240 மீற்றர் அளவு.

அதனால்தான் நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகொப்டருக்கு நிறை 1.8 கிலோ மட்டும், இறக்கையோ நுனிக்கு நுனி 1.2 மீற்றர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடி, எதிரெதிர்த் திசையில் நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவில் சுழன்றன. நுனிவேகம் செக்கனுக்கு 160 மீற்றர் அளவில் நின்றது. இன்னொரு சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை: மோட்டாரைக் குளிர்த்தவும் காற்று இல்லை. பறக்கும்போது செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் மோட்டார் சூடேறும். பற்றரியில் மின் மிச்சமிருந்தாலும் சூட்டுக்காகவே இறங்க வேண்டி வரும்.

களுவாஞ்சிகுடி: கோடிக்கணக்கில செலவழிச்சுப் போட்டு, கறுப்பு வெள்ளைக் கமராவா வச்சு அனுப்பினவங்க?

இரண்டு கமரா இருந்தது. 13 மெகாபிக்செல் வண்ணக் கமரா அடிவானப் பக்கம் சாய்ந்து பார்க்கும். 2022 ஏப்ரலில், ஹெலிகொப்டரைச் சுமந்துபோன பெர்சவரன்ஸ் ரோவர் வண்டி தரையிறங்கப் பயன்பட்ட பாரசூட்டும் உடைந்த மேல்கூடும் கிடப்பதைப் படம்பிடித்தது அதுதான். நீங்கள் சொல்கிறது மற்றது: நேர்கீழே பார்க்கும் 640 × 480 கமரா. அதன் வேலை படம் காட்டுவதல்ல, ஹெலிகொப்டரை ஓட்டுவது. செக்கனுக்கு 30 படம் எடுத்து, தரையில் உள்ள கல், நிழல், விளிம்பு போன்ற அடையாளங்களைப் பிடித்து, அவை அடுத்த படத்தில் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்துத் தன் வேகத்தைக் கணிக்கும். செவ்வாயில் ஜி.பி.எஸ். இல்லை. படம் பெரிதானால் கணினி அதை அலசக் கூடிய நேரம் எடுக்கும். வண்ணத்தால் இதில் இலாபமில்லை. முழுச் சட்டகத்தையும் ஒரே கணத்தில் பதிவது மட்டும் அவசியம், இல்லாவிட்டால் அதிர்விலும் நகர்விலும் படம் கோணலாகும். மெகாபிக்செல் பார்த்துக் கமரா வாங்குகிறவர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும்.

கல்லடி: அண்ணா, வாவிக்கு மேல தாழப் பறக்கவிட்டா ட்ரோன் தானா இழுபட்டுப் போகுது. கரையில விட்டா நல்லாத்தான் நிக்குது. செவ்வாயில அந்த ஹெலிகொப்டர் கடைசியா விழுந்ததும் இப்படித்தானா?

மூலகாரணம் ஒன்றுதான். உங்கள் ட்ரோனின் அடியிலுள்ள கமராவும் தரையின் அடையாளங்களைத்தான் தேடுகிறது. வாவி நீர் அசைகிறது, மினுங்குகிறது. அலை நகர்வதைத் தன் நகர்வென்று ட்ரோன் எண்ணிக்கொள்ளும். நீர் அசையாமல் தெளிவாகக் கிடந்தாலும் அடையாளமாகப் பிடிக்க ஒன்றும் இராது.

இன்ஜெனுவிட்டி கல் நிறைந்த தரைக்கென்று வடிவமைக்கப்பட்டது. கடைசியில் அது போய்ச் சேர்ந்தது வழவழப்பான மணல் அலைகள் மட்டுமே உள்ள இடம். 71 ஆவது பறப்பு அடையாளம் கிடைக்காமல் இடையிலேயே இறங்கியது. எங்கே நிற்கிறோம் என்று அறிய 2024 ஜனவரி 18 இல் 12 மீற்றர் உயரத்துக்கு நேர்மேலே எழும்பி இறங்கச் சொன்னார்கள். அதுதான் 72 ஆவது, கடைசி. இறங்கும்போது பக்கவாட்டு வேகம் எவ்வளவு என்று அதற்குச் சரியாகத் தெரியவில்லை. சறுக்கலோடு மணல் சரிவில் முட்டிச் சாய்ந்தது. அந்தச் சடுதித் திருப்பத்தை இறக்கைகள் தாங்கவில்லை. நான்கும் சேதப்பட்டன, ஒன்று கழன்றே போய்விட்டது. முப்பது நாளில் ஐந்து பறப்பு என்று அனுப்பியது ஏறக்குறைய மூன்று வருடம் தாங்கியதையும் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு ஜி.பி.எஸ். இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கரையில் கெட்டியான தரையிலிருந்து கிளப்புங்கள். செய்மதிகள் போதியளவு பிடிபட்டு, வீட்டுப்புள்ளி (ட்ரோன் திரும்பி வரவேண்டிய இடம்) பதிவான பிறகே நீருக்கு மேல் போங்கள். கீழ்நோக்கு உணரி வேலை செய்யும் உயரத்துக்கு மேலே நில்லுங்கள். எத்தனை மீற்றர் என்று கையேட்டில் இருக்கும். தானியங்கி இறக்கத்தை நீருக்கு மேல் தொடங்கவே வேண்டாம். அறுவடைக்கு முன் ஒரே பச்சையாய் அலையும் வயலிலும் இதே தொல்லை வரும்.

வந்தாறுமூலை: ஒரேயொரு படம் தவறினா என்ன நடக்கும்?

2021 மே 22 இல் ஆறாவது பறப்பில் அதுதான் நடந்தது. 54 ஆவது செக்கன் அளவில் ஒரு படம் தொலைந்தது. படம் தொலைந்தது பெரிய விசயமில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும், எடுத்த நேரத்தைக் குறிக்கும் நேரமுத்திரை பிழையாய் விழுந்ததுதான் வினை. கணினி பழைய கணத்தின் படத்தை இந்தக் கணத்தினதாக நம்பி, இல்லாத பிழையைத் திருத்தப் போய், 20 பாகைக்கு மேல் முன்னும் பின்னும் ஆடியது. ஆனாலும் குறித்த இடத்திலிருந்து ஐந்து மீற்றருக்குள் இறங்கிவிட்டது. தரையை அண்மித்ததும் கமராப் படங்களைக் கணக்கில் எடுக்காதே என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள், புழுதி கிளம்பும் என்பதற்காக. அந்த முன்யோசனை இங்கே கைகொடுத்தது.

திருக்கோவில்: பூமியிலிருந்து ரிமோட்டில ஓட்ட ஏலாதா?

ஏலாது. சிக்னல் ஒருவழி போகவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். நீண்ட பறப்பே மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அக்கரைப்பற்று, ஆசிரியர் ஒருவர்: ரோவரின் படங்களை வைத்து வகுப்பில் முப்பரிமாணப் படம் செய்து காட்டலாமா?

தாராளமாகச் செய்யலாம், சேர். நாசா மூலப்படங்களை இலவசமாக வெளியிடுகிறது. கோப்பின் பெயர் என்.எல். என்று தொடங்கினால் இடது வழிகாட்டிக் கமரா, என்.ஆர். என்றால் வலது. அடுத்து வரும் நான்கு இலக்கம் செவ்வாய்க் கோளின் நாள் எண். அதன் பின்னுள்ள பத்து இலக்க நேர எண்ணும் ஒத்துப்போகிற சோடியை எடுங்கள். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் இரண்டையும் திறந்து, சிவப்பு அலைவரிசையை இடது படத்திலிருந்தும், பச்சையையும் நீலத்தையும் வலது படத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் போதும். சிவப்பு-சியான் (நீலப்பச்சை) கண்ணாடியில் சிவப்பு இடது கண்ணுக்கு வர வேண்டும். மாறினால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும்.

பிழைப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். அந்த இரு கமராவுக்கும் இடைவெளி 42.4 சென்ரிமீற்றர், எங்கள் கண்களுக்கு இடையிலோ ஆறு ஏழு சென்ரிமீற்றர்தான். ஆகவே ரோவரின் சில்லுக்குப் பக்கத்திலுள்ள கல்லை எடுத்தால் படம் இரண்டாகப் பிரிந்து கண் வலிக்கும். தூரத்துப் பாறைத் தொடர் நன்றாக வரும். அடுத்தது, மாஸ்ட்கேம்-இசட் சூம் கமராவின் படங்களை எடுத்தால் இரு பக்கமும் ஒரே சூமில் எடுத்தவையா என்று பாருங்கள். அது 26 முதல் 110 மில்லிமீற்றர் வரை மாறும், ஒன்று 34 இலும் மற்றது 110 இலும் இருந்தால் எப்படித் தள்ளினாலும் பொருந்தாது. நிலைக்குத்தாகச் சில பிக்செல் விலகல் இருந்தால் ஒரு படத்தை மேலே கீழே நகர்த்திச் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகே ஓரம் வெட்டுங்கள்.