ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பெரியவர்கள்: ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

அம்மாவுக்கு 74 வயது. நிமோனியாவுக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் தானாக எழுந்து நிற்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் கொடுக்கலாமா, மேடம்?

வேண்டாம்மா. அம்மாவின் காலை இப்படி ஆக்கியதில் படுக்கைக்கும் பெரிய பங்கு உண்டு. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காய்ச்சலில் சாப்பாடும் இறங்காதவருக்கு இழப்பு இன்னும் அதிகம்.

கைப்பிடி வைத்த நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். எழுந்து நின்று, மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். ஐந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வாரம் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். படுத்த நிலையிலிருந்து சட்டென்று எழுப்பாதீர்கள். பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிய பிறகு நிற்கட்டும். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே, ரத்தம் உறைந்திருக்கலாம்.

அப்புறம் ஒன்று. தண்ணீர்ச் செம்பு முதல் சீப்பு வரை எல்லாம் கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பாசம்தான், புரிகிறது. ஆனால் எழுந்து போய் எடுக்கும் அந்த நாலு அடியும் அவருக்குப் பயிற்சி. அதைப் பறித்துவிடாதீர்கள்.

அப்பாவுக்கு 81. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. காலை ஊன்றினால் உள்ளே வைத்தது விலகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் படுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துப் போகும். சீக்கிரமே ஊன்றி நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலும் இந்த ஆபரேஷனே செய்கிறார்கள். முழு எடையும் ஊன்றலாமா, பாதியா, ஊன்றவே கூடாதா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். அதன் பிறகு சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

வாக்கரின் உயரம் முக்கியம். அப்பா நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். பின்னால் கைத்தடிக்கு மாறும்போது ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும்; பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்பு முனையை எடுத்துவிட்டுச் செயற்கையானதை வைத்திருந்தால் குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது, கால் மேல் கால் போடுவது எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். பாத்ரூம் வாசல் கால்மிதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தூக்கி உட்கார வைக்கும்போது தோளில் வலிக்கிறது என்கிறார்.

அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தசை தளர்ந்த தோள் எளிதில் நழுவும். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை கொடுங்கள். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், அதனால் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாட்டிக்கு மூன்று வேளையும் கஞ்சிதான் கொடுக்கிறோம். போதுமா?

போதாது. தசை திரும்ப வர புரதம் வேண்டும். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் முதல் 1.5 கிராம் வரை சொல்வார்கள். பாட்டி 50 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 60 கிராமாவது. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, அரிசிக் கஞ்சியில் அதுகூட இல்லை. கஞ்சியிலேயே பாசிப்பருப்பு சேருங்கள். முட்டை, மீன், தயிர், சுண்டல் என்று பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகு.

தினமும் பிசியோதெரபிஸ்டை வரவழைக்க எங்களுக்கு வசதி இல்லை, மேடம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாக பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிக் கேளுங்கள். தினமும் வரமாட்டார்கள். வரும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே நின்று, ஒவ்வொரு பயிற்சியையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அதைப் பார்த்து நீங்களே செய்ய வைக்கலாம்.